வாசகர் கேள்வி–பதில்: இறுக்கினாலும் நிற்காத சேணம்

மட்டக்குதிரைக்குச் சேணம் வாங்குவது பற்றிச் சேர்ந்துபோன கடிதங்களுக்கு இந்த இதழில் மொத்தமாகப் பதில் சொல்கிறோம். ஆளுக்கொரு பெயர் சொல்வதால் சில சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். சேணத்துக்குள் இருக்கும் மர, பிளாஸ்டிக் அல்லது இரும்புச் சட்டத்தை ‘ட்ரீ’ என்றே எழுதுகிறோம். முதுகில் படிகிற இரண்டு மெத்தைகள் ‘திண்டு’. அவற்றின் நடுவே முதுகெலும்புக்கு விட்ட இடைவெளி ‘வாய்க்கால்’. வயிற்றைச் சுற்றிக் கட்டுவது ‘வயிற்று வார்’. பிடரிமயிர் முடிகிற இடத்து எலும்பு மேடு ‘தோள்மேடு’.

கேள்வி: நான்கு வயது மட்டக்குதிரை, உயரம் 48 அங்குலம். முதுகு திண்ணைபோல அகலம், தோள்மேடு இருப்பதே தெரியவில்லை. 11 வயது மகள் (29 கிலோ) ஏறும்போதே சேணம் இடப்பக்கம் சுற்றிவிடுகிறது. கடைசித் துளைவரை இறுக்கியாகிவிட்டது. இப்போது வாரைக் கையில் எடுத்தாலே கடிக்க வருகிறது. என்ன சேணம் வாங்கலாம்? — வாசகி, மன்னார்குடி

பதில்: முதலில் அந்தக் கடைசித் துளையை விட்டு வெளியே வாருங்கள். உயர்ந்த தோள்மேடு உள்ள குதிரையில், கூரை முகட்டில் ஓடு உட்கார்வதுபோலச் சேணம் உட்காரும். உங்கள் குதிரைக்கு முகடே கிடையாது. உருண்டைப் பானைமேல் பலகை வைத்த கதை. பலகையைக் கயிற்றால் எவ்வளவு இறுக்கினாலும் பானை உருளத்தான் செய்யும். வட்ட முதுகில் சேணத்தை நிறுத்துவது வாரின் இறுக்கம் அல்ல, திண்டின் படிமானம். இறுக்க இறுக்க விலா நோகும், மூச்சு முட்டும். பிறகு வாரைக் கண்டாலே கடிப்பது அதன் நியாயம்.

கடிதத்தில் உள்ள விவரத்தை வைத்துப் பார்த்தால், உங்களிடம் இருப்பது அனேகமாக ஒடுக்கமான ட்ரீ. பந்தயக் குதிரை போன்ற மெலிந்த, உயர்ந்த தோள்மேட்டுக்குச் செய்த சேணங்கள்தான் பழைய விலைக்கு எளிதாகக் கிடைக்கும். அவற்றின் ட்ரீ தலைகீழ் ‘வி’ வடிவில் இருக்கும். உங்களுக்கு வேண்டியது லாடம்போல வளைந்த, தலைகீழ் ‘யு’ வடிவ ட்ரீ. இந்த வித்தியாசம் புரியாமல் ‘வி’யையே இன்னும் அகலமாக வாங்குபவர்கள் பலர். அகலமான ‘வி’ வட்ட முதுகை இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோட்டில்தான் தொடும். அதற்கு மேலும் கீழும் வெளிச்சம் தெரியும். அந்த இரண்டு கோட்டின்மேல் சேணம் ஊஞ்சலாடும்.

வாங்கும் முன் முதுகின் அச்சை எடுங்கள். மின்சாதனக் கடையில் எர்த் போட விற்கும் 8-ஆம் நம்பர் செம்புக் கம்பி ஒரு மீட்டர் போதும். இரும்புக் கம்பி வளைத்த இடத்தில் நிற்காமல் துள்ளிவிடும். குதிரையைச் சமதளத்தில், நான்கு காலும் சதுரமாக நிற்கும்படி, தலை நேராக இருக்க நிறுத்துங்கள். முன்னங்காலை ஒருவர் தூக்கி முன்னால் நீட்டினால் தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பு கைக்குத் தட்டுப்படும். காலை இறக்கிவிட்டு, அந்த விளிம்பிலிருந்து இரண்டு விரல் பின்னால் கம்பியை முதுகின் குறுக்கே அழுத்திப் படியவையுங்கள். அதை அப்படியே அட்டையில் வைத்து வரைந்து வெட்டுங்கள். இடம், வலம் எது என்று எழுதிவைக்க மறக்காதீர்கள். இரு தோளும் ஒரே அளவில் உள்ள குதிரை குறைவு. இரண்டாவது அச்சு முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில். மூன்றாவது முதுகெலும்பின் நீளவாக்கில்.

பிறகு இடம் பாருங்கள். குதிரைக்கு 18 ஜோடி விலா. கடைசி விலாவை விரலால் தடவிக்கொண்டே மேலே முதுகெலும்புவரை போங்கள். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. தோள்பட்டை விளிம்பில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடையில்தான் பாரம் தாங்கும் எலும்புக் கூடு இருக்கிறது. திண்டு அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். மட்டக்குதிரையின் முதுகு அகலம்தான், நீளம் இல்லை. பெரியவர் உட்காரும் 17 அங்குலச் சேணம் பெரும்பாலும் கடைசி விலாவைத் தாண்டிப் போகும். உங்கள் மகளுக்கு 15 அங்குல இருக்கை போதும். அப்பா ஏறிப் பார்ப்பதற்காகப் பெரிதாக வாங்க வேண்டாம்.

வெட்டிய முதல் அட்டையைச் சேணத்தின் அடியில், முன்வளைவுக்குள் நுழைத்துப் பாருங்கள். மேலே இடைவெளி விட்டு, கீழ்நுனிகளில் மட்டும் இடித்தால் ட்ரீ ஒடுக்கம். மேலே வாய்க்கால் ஓரத்தில் இடித்து, கீழே ஆடினால் அகலம் அதிகம். மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒட்டினால் அதைக் குதிரைமேல் வைத்துப் பார்க்கலாம்.

வைக்கும்போது விரிப்பு வேண்டாம், வெறும் முதுகு. சற்று முன்னால் வைத்து, தானாக நிற்கும் இடம்வரை பின்னால் தள்ளுங்கள். பக்கவாட்டில் தோள்மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். எங்கேயும் கை நசுங்கக் கூடாது. முன்வளைவின் கீழே இரண்டு, மூன்று விரல் போகட்டும். அகன்ற குதிரையில் ஐந்து விரல் போகிறது என்றால் மகிழ வேண்டாம்: சேணம் இறங்கி உட்காராமல் மேலே தொற்றிக்கொண்டிருக்கிறது. வாய்க்கால் முன்னிருந்து பின்வரை மூன்று, நான்கு விரல் அகலம் இருக்க வேண்டும். பின்னால் போகப் போகக் குறுகக் கூடாது.

இருக்கை மட்டம் பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் போதும். இருக்கையில் விட்டால் உருண்டு போய் நடுவில் நிற்க வேண்டும். பின்னால் ஓடினால் முன்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது, ட்ரீ ஒடுக்கம். முன்னால் ஓடினால் அகலம், அல்லது பின் திண்டின் திணிப்பு அதிகம். கடைசியாக, சேணத்தின் பின்பகுதியைப் பிடித்து இடவலமாக அசைத்துப் பாருங்கள். விரல்கடை அளவு அசைவு இருக்கும். அதற்குமேல் ஊஞ்சலாடினால் அந்தச் சேணம் வேண்டாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

திண்டு எப்படி இருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறோம். வட்ட முதுகுக்குத் திண்டின் அடிப்பகுதி தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். புதிதாகக் கம்பளி திணித்துக் கொழுக்கட்டைபோல உப்பிய திண்டு, உருண்டைமேல் உருண்டையாக நிற்காது.

இனி, ஏறுகிற விதம். தரையிலிருந்து இடது அங்கவடியை (கால் வைக்கும் வளையம்) மிதித்து ஏறுவது, எடை முழுவதையும் சேணத்தின் ஒரு ஓரத்தில் தொங்கவிடுவது. தோள்மேடு இல்லாத குதிரை அதைத் தாங்காது. திண்ணை, மதகுச் சுவர், உறுதியான முக்காலி எதையாவது பயன்படுத்துங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் வலது அங்கவடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும்.

வயிற்று வாரை ஒரே மூச்சில் இழுக்காதீர்கள். முதலில் சேணம் விழாத அளவு, ஐந்து நிமிடம் நடத்தியபின் ஒரு துளை, ஏறுமுன் இன்னொன்று. இரு பக்கமும் சம எண்ணிக்கைத் துளைகள். முழங்கைக்குப் பின்னால் விலாப்பக்கம் வாருக்குள் இரண்டு விரல் தட்டையாக நுழைந்தால் அதுவே போதுமான இறுக்கம். கட்டியபின் முன்னங்கால்களை ஒவ்வொன்றாக முன்னால் நீட்டிவிட்டால் வாருக்கடியில் மடிந்த தோல் நீவப்படும்.

இவ்வளவும் செய்தபின்னும் எப்போதும் இடப்பக்கமே சரிந்தால் இரண்டு விஷயம் பாருங்கள். அங்கவடி வார்களில் ஏறும் பக்கத்தது நீண்டிருக்கும். வாரம் ஒருமுறை இடம் வலம் மாற்றுங்கள். இன்னொன்று பின்னங்கால் நொண்டல். கண்ணுக்குத் தெரியாத சிறு நொண்டல்கூடச் சேணத்தை ஒரே பக்கம் தள்ளும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். ஒருமுறை நடக்கவிட்டுக் காட்டிவிடுங்கள். கடிப்பதற்கு வயிற்று உபாதையோ பழைய புண்ணோ காரணமா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: ஆற்றங்கரைச் சரிவில் இறங்கினால் சேணம் கழுத்துவரை வந்துவிடுகிறது. நெஞ்சு வார் வாங்கினால் நிற்குமா? — வாசகர், திருவையாறு

பதில்: நிற்காது. நெஞ்சு வார் சேணம் பின்னால் போகாமல் பிடிப்பது. உங்களுடையது முன்னால் வருகிறது.

முழங்கைக்குப் பின்னால், விலாக்கூடு மிகவும் ஒடுங்கிய ஒரு பள்ளம் இருக்கும். வாரை எங்கே கட்டினாலும் நாலடி நடப்பதற்குள் அது அந்தப் பள்ளத்துக்குத்தான் போய்ச் சேரும். தொப்பை வைத்த மட்டக்குதிரைக்கு இந்தப் பள்ளம் முழங்கையை ஒட்டி, முன்னாலேயே இருக்கும். வாரை மாட்டுவதற்காகச் சேணத்திலிருந்து தொங்கும் பட்டிகள் அதற்குப் பின்னால் தொங்கினால், வார் முன்னே நகரும்போது சேணத்தையும் தோள்மேல் இழுத்துக்கொண்டு போகும். சரிவு அதை வேகப்படுத்துகிறது, அவ்வளவுதான்.

பட்டிகள் பள்ளத்துக்கு நேர்மேலே தொங்க வேண்டும். ட்ரீயின் முன்நுனியிலேயே தைத்த முன்பட்டி உள்ள சேணமா என்று கேட்டு வாங்குங்கள். இருக்கிற சேணத்தில் அதைச் சேர்க்கவும் முடியும். ஆனால் ட்ரீயில் ஆணி அடிக்கிற வேலை சேணத் தொழில் தெரிந்தவர் செய்ய வேண்டியது. நடுவில் முன்னோக்கி வளைந்து, இரு முனைகளும் பின்தள்ளி இருக்கும் வளைவு வாரும் உதவும்: நடுப்பகுதி பள்ளத்தில் கிடக்கும், முனைகள் பட்டிக்கு நேராக வரும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் சரிவில் நகர்ந்தால் வாலடி வார் கட்டலாம். சேணத்தின் பின்னாலுள்ள வளையத்திலிருந்து வந்து வாலின் அடியைச் சுற்றும் வார் அது. வாலடியில் படும் பகுதி விரல் தடிமனில், உருண்டு, மெத்தென்று இருக்க வேண்டும். சணல் கயிறு கூடவே கூடாது, ஒரே நாளில் அறுத்துவிடும். பிட்டத்தின்மேல் ஓடும் வாருக்கடியில் உள்ளங்கை நிமிர்ந்து நுழையும் தளர்வு வேண்டும். இளம் குதிரைக்கு முதல் நாளே கட்டி ஏறிவிடாதீர்கள், உதைக்கும். நாலைந்து நாள் ஆள் ஏறாமல், கையில் பிடித்து நடத்திப் பழக்குங்கள். வாலடி வார் முன்னால் வருவதைத்தான் தடுக்கும். பக்கவாட்டில் சுற்றுவதற்கு அதனால் ஒன்றும் ஆகாது.

கேள்வி: சேணம் ஆடாமல் இருக்க இரண்டு கம்பளி போட்டு, அதன்மேல் ஸ்பாஞ்சும் வைக்கிறோம். சரியா? — வாசகர், கும்பகோணம்

பதில்: செருப்பு கடிக்கிறது என்று மூன்று காலுறை போடுவதுபோலத்தான். ஒடுக்கமான சேணம் இன்னும் ஒடுங்கும், முதுகின்மேல் இன்னும் உயரும், உயர்ந்தது இன்னும் எளிதாகச் சுற்றும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஸ்பாஞ்ச் வியர்வையைப் பிடித்துவைத்து மயிரை உதிரவைக்கும். ஒரே ஒரு பருத்தி விரிப்பு, மெல்லியது, தினமும் துவைத்துக் காயவைத்தது. விரிப்பை வாய்க்காலுக்குள் மேலே தூக்கிவிட்டு வாரைக் கட்டுங்கள். முதுகெலும்பின்மேல் இழுத்துக் கட்டிய விரிப்பும் புண் ஆக்கும்.

கேள்வி: கான்பூரிலிருந்து வரவழைக்கலாம் என்று இருக்கிறோம். ‘வைடு’ என்று சொன்னால் போதுமா? ட்ரீ இல்லாத சேணம் எந்த முதுகுக்கும் பொருந்தும் என்கிறார்களே? — வாசகர், நாகப்பட்டினம்

பதில்: போதாது. கான்பூர்ச் சேணத்துக்குப் புவிசார் குறியீடே உண்டு, நல்ல வேலைக்காரர்கள். ஆனால் ‘மீடியம்’, ‘வைடு’ என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான அளவு கிடையாது; ஒருவர் வைடு இன்னொருவருக்கு மீடியம். நீங்கள் வெட்டிய மூன்று அட்டைகளையும் வரைந்து அனுப்புங்கள். ட்ரீ ‘யு’ வடிவமா, முன்பட்டி உண்டா, திண்டில் இருப்பது கம்பளியா ஃபோமா, ட்ரீக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம், பொருந்தாவிட்டால் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். முன் இரும்பை மாற்றி அகலம் கூட்டிக் குறைக்கும் வகை வளரும் குதிரைக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த இரும்பு முன்பக்க அகலத்தை மட்டும் மாற்றும். ‘வி’யை ‘யு’ ஆக்காது.

பார்சல் வந்ததும் சேணத்தை மடியில் வைத்து, முன்வளைவையும் பின்வளைவையும் பிடித்து நெருக்கிப் பாருங்கள். நடுவில் மடிந்தாலோ, கிறீச்சென்று சத்தம் வந்தாலோ ட்ரீ உடைந்திருக்கிறது. பழைய சேணம் வாங்குபவர்களுக்கும் இதுதான் முதல் சோதனை.

ட்ரீ இல்லாத சேணம் எல்லா முதுகுக்கும் வளையும், உண்மை. வளைவதால்தான் வட்ட முதுகில் மிக எளிதாகச் சுற்றவும் செய்கிறது. அங்கவடி தொங்கும் இடத்தில் எடை முழுவதும் ஒரு புள்ளியில் இறங்கும். சமநிலை நன்றாக வந்த சவாரிக்காரருக்குச் சரி. கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

கேள்வி: சந்தையில் நான்கு வயது என்று விற்றார்கள். பல் பார்த்தவர் மூன்றுதான் என்கிறார். இப்போதே நல்ல சேணமாகச் செய்துவிடலாமா? — வாசகர், திருவாரூர்

பதில்: பல்லை நம்புங்கள். குதிரையின் முன்பற்களில் நடு ஜோடி இரண்டரை வயதிலும், அதை அடுத்தது மூன்றரையிலும், ஓர ஜோடி நாலரையிலும் பால்பல் விழுந்து மாறும். கீழ்த்தாடையில் இரண்டே பெரிய பல் என்றால் இன்னும் மூன்றரை ஆகவில்லை.

அப்படியானால் இப்போது சேணத்துக்குப் பெரிய பணம் போடாதீர்கள். முதுகெலும்பின் வளர்ச்சித் தட்டுகள் மூட ஐந்தரை வயதாவது ஆகும். நான்கு முடியும்வரை கையில் பிடித்து நடத்துங்கள், நீண்ட கயிற்றில் பழக்குங்கள், விரிப்பும் வெறும் வாரும் கட்டிப் பழக்குங்கள். ஏறத் தொடங்கினாலும் முதல் மாதங்களில் இருபது நிமிடம், பெரும்பாலும் நடை.

எடையும் பாருங்கள். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பிட்டமுனைவரை உள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 142, நீளம் 122 என்றால் சுமார் 207 கிலோ. சவாரிக்காரர், சேணம் எல்லாம் சேர்த்து உடல் எடையில் 15 சதவீதம் நல்லது, 20 சதவீதம் உச்சம். இந்தக் குதிரைக்கு 31 முதல் 41 கிலோ; இளசு என்பதால் கீழ்க்கணக்கை ஒட்டியே நில்லுங்கள்.

இன்னொன்று: அகலம் எலும்பா, கொழுப்பா? டெல்டாவில் முதுகு பருவத்துக்குப் பருவம் மாறும். மேட்டூர்த் தண்ணீர் வந்து வரப்புப் புல் தழைத்தால் குதிரை உருளும். சித்திரை, வைகாசியில் வெறும் வைக்கோலில் நின்றால் அதே முதுகில் முகடு தெரியும். விலா கைக்குத் தட்டுப்படாமல், முதுகெலும்பு ஓடும் இடம் வாய்க்கால்போலக் குழிந்து, பிடரி தடித்துக் கெட்டியாகிவிட்டால் அது கொழுப்பு. சேணத்தை விடப் பெரிய கவலை குளம்பு அழற்சிதான், தீனியைக் குறையுங்கள். எப்படியும் வளரும் குதிரைக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கம்பி அச்சை எடுத்துப் பழைய அட்டைமேல் வைத்துப் பாருங்கள். தேதி போட்டு வைத்தால் மாறுவது தெரியும்.

கேள்வி: ரேக்ளா வண்டிக் குதிரைக்குக் கட்டும் சிறு சேணத்தில் அங்கவடி மாட்டி ஏறலாமா? — வாசகர், சீர்காழி

பதில்: கூடாது. காணும் பொங்கலுக்குத் திருக்கடையூர்ப் பக்கம் ஓடும் வண்டிக் குதிரைகளில் நீங்கள் பார்ப்பது ஏர்க்காலைத் தாங்குவதற்கான பட்டை. ஓர் ஆளின் எடையைப் பரப்பி இறக்க அதில் திண்டு கிடையாது.

கேள்வி: சேணத்தை எடுத்தபின் முதுகில் முட்டைபோல ஒரு வீக்கம், ஓரிடத்தில் தோல் உரிந்திருக்கிறது. மழைக்காலத்தில் சேணமும் பூசணம் பிடித்துவிட்டது. — வாசகர், வேதாரண்யம்

பதில்: இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம். கம்பளித் திணிப்பு ஈரம் குடித்தால் உருண்டை உருண்டையாகக் கட்டிவிடும். திண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். வீக்கம் உள்ள இடத்துக்கு நேராக ஒரு கட்டி தட்டுப்படும். பைக் சீட் தைக்கும் கடையில் கொடுத்து ஃபோம் அடைத்துவிடாதீர்கள், அது சில வாரத்தில் அமுங்கிப் பள்ளமாகும். திணிப்பை வெளியே எடுத்துக் காயவைத்து, பிரித்துக் கோதி, இரு பக்கமும் எடை போட்டுச் சமமாகத் திணிக்க வேண்டும். பட்டி தைக்க, வளையம் மாற்ற மட்டும் உள்ளூர்த் தோல் தொழிலாளியிடம் கொடுங்கள். மெழுகிட்ட கெட்டி நூல், இரட்டைத் தையல்.

புண் ஆறி, புது மயிர் முளைக்கும்வரை அந்த முதுகில் எதுவும் ஏறக் கூடாது. கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்புக் கரைத்துக் கழுவி, ஈ மொய்க்காமல் பாருங்கள். குதிரைக்கு ரணஜன்னி மிக எளிதாகத் தாக்கும். ஊசி போட்டிருக்கிறதா என்று கால்நடை மருத்துவரிடம் உடனே கேளுங்கள். ஆறியபின் அங்கே வெள்ளை மயிர் முளைத்தால் அது பழைய அழுத்தத்தின் தழும்பு, மறையாது.

இனிச் சவாரி முடிந்ததும் வியர்வையைப் படியுங்கள். இரு திண்டும் பட்ட இடம் ஒரே சீராக நனைந்து, நடுவில் முதுகெலும்புக்கோடு காய்ந்திருக்க வேண்டும். நனைந்த பரப்பின் நடுவே உள்ளங்கை அகலம் காய்ந்திருந்தால் ஒன்று அங்கே அழுத்தம் மிகுதி, இல்லையேல் அங்கே சேணம் தொடவே இல்லை. அரைமணி கழித்து மறுபடி தடவிப் பாருங்கள். வீக்கம் உடனே வராது, சேணத்தை எடுத்தபின்தான் எழும்பும்.

பூசணத்தைப் புதிய துணியால் வெளியில் வைத்துத் துடையுங்கள். வீட்டுக்குள் துடைத்தால் மற்றத் தோல் சாமான்களுக்கும் பரவும். பிறகு கிளிசரின் சோப்பை நுரை வராமல் தேய்த்துத் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் காயவைத்த தோல் வெடிக்கும். தேங்காய் எண்ணெயை ஊற்றாதீர்கள். தோல் தொளதொளத்துப் பட்டித் துளைகள் நீளும், தையல் நூலும் இற்றுப்போகும். ஐப்பசி, கார்த்திகையில் சேணத்தைச் சாக்கில் கட்டிப் பரணில் போடாமல், மூங்கில் கழிமேல் திண்டு கீழ்நோக்கி இருக்கக் கவிழ்த்துத் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை பட்டிகளை எதிர்ப்பக்கம் மடக்கி, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.